பின்னால் ஓடி வந்தவன்

அத்தியாயம் பதினொன்று

நல்லது செய்யப் போய்ப் பொல்லாப்பைத் தேடிக்கொள்வது சிலருக்குக் கைவந்த கலை. நகராட்சி அலுவலகத்தின் மேலாளரான நம் அக்காவுக்கு அது போன வாரம்தான் முழுசாகக் கைவந்தது.

ஆரம்பத்திலிருந்து கூடவே வருகிறவர்களுக்கு எல்லாம் தெரியும். நடுவில் வந்து ஒண்டிக்கொண்டவர்களுக்காக நாலு வார்த்தை. நகராட்சி ஊழியர்கள் மோட்டார் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, நடந்தோ சைக்கிளிலோ பஸ்ஸிலோ வேலைக்கு வர வேண்டும் என்று ஒரு திட்டம். புதன்கிழமைக்கு மட்டும் என்று ஆரம்பித்தது. அதை யோசித்தவள், எழுதியவள், ஒவ்வொரு பிரிவாகப் போய்க் கெஞ்சியவள், கெஞ்சியது பலிக்காத இடத்தில் மிஞ்சியவள், எல்லாம் அக்காதான். தொடக்க நாளன்று ஆணையரே வீட்டிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார். அன்றிலிருந்து அவர் காரைத் தொடவில்லை. பெரியவரே மிதித்துக்கொண்டு வரும்போது மற்றவர்கள் என்ன சாக்குச் சொல்ல முடியும்? திட்டம் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாளில் காரைத் தலைமையகத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கார் என்றால் அதற்கு ஒரு டிரைவர் உண்டல்லவா? அவன் அக்காவின் கூடப்பிறந்த தம்பி.

எந்த அவசரத்திலும் பதறாமல் ஓட்டுவதால் அலுவலகத்தில் அவனுக்கு நிதானம் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த அன்றே அக்கா அவனிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டாள். ஆபீஸ் வாசலுக்கு உள்ளே அவள் மேடம், அவன் டிரைவர். பாசமெல்லாம் வாசலுக்கு வெளியே. பழைய ஊழியர்களுக்கு உறவு தெரியும். வெளியூரிலிருந்து மாற்றலில் வந்த ஆணையருக்கு மட்டும் தெரியாது.

கார் போனபின் டிரைவரை எங்கேயாவது உட்கார வைக்க வேண்டும். இரண்டு இடம் காலியாக இருந்தது. ஒன்று குடிநீர்ப் பிரிவின் ஜீப். ஊருக்குள்ளேயே ஓட்டம், பகல் வேலை. இன்னொன்று குப்பை லாரி. ஊருக்கு வெளியே இருக்கும் கிடங்கிலிருந்து விடியுமுன் கிளம்ப வேண்டும். இருக்கிற டிரைவர்களில் நிதானம்தான் மூத்தவன். முறைப்படி ஜீப் அவனுக்குத்தான். ஆனால், 'தம்பிக்கு நோகாத இடமாகப் பார்த்துக் கொடுத்துவிட்டாள்' என்று யாராவது சொல்லிவிட்டால்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஜீப்பை இளையவன் ஒருவனுக்கு எழுதினாள். லாரியைத் தம்பிக்கு எழுதினாள். தன் நேர்மைக்குப் பழுது வந்துவிடக் கூடாதே என்று நேர்மை தவறினாள்.

ஆணையர் வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். தம்பி உத்தரவை வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரிங்க மேடம்" என்றான். அதற்குப் பிறகு அவன் வீட்டிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

இன்று புதன்கிழமை. லாரியில் அவனுக்கு முதல் நாள்.

"டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு எங்க போயிட்ட?" என்று கேட்டார் அக்காவின் கணவர். மருந்துக் கடை வைத்திருப்பவர். கடைக்குக் கிளம்புமுன் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி வீட்டுக்குப் போன் பண்ணினேன். எடுக்க மாட்டேங்கறாங்க."

"எடுத்தா என்ன சொல்லுவ? லாரிக்கு வாழ்த்துச் சொல்லுவியா?"

"காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க. நான் விதிப்படிதான் செஞ்சேன்."

"விதிப்படி ஜீப் அவனோடது."

அக்கா டம்ளரைக் கழுவினாள். கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினாள்.

"நாலு பேர் நாலு விதமாப் பேசியிருப்பாங்க" என்றாள்.

"பேசட்டுமே. பேசறவன் ரெண்டு நாள் பேசுவான், மூணாம் நாள் வேற வீட்டுக் கதைக்குப் போயிடுவான். உன் தம்பி எந்த வீட்டுக்குப் போவான், சொல்லு." சொல்லிவிட்டு அவரே வருத்தப்பட்டார். "சரி விடு. சாயங்காலம் வேணும்னா ரெண்டு பேரும் போய்ப் பார்த்துட்டு வருவோம்."

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்தில் தம்பியின் மனைவி நின்றிருந்தாள். துணிக்கடையில் வேலை பார்ப்பவள். இருவரும் இதே நிறுத்தத்தில்தான் ஏறுவார்கள். மற்ற நாட்களில் அவள் கைப்பையை வைத்து இடம் பிடித்து, "அண்ணி, இங்க" என்று கூப்பிடுவாள். வழியெல்லாம் ஊர்வம்பு பேசிக்கொண்டு போவார்கள். இன்று அக்காவைக் கண்டதும் பஸ் வரும் திசையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அந்தப் பக்கம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

"கிளம்பிட்டானா?" என்று அக்காதான் ஆரம்பித்தாள்.

"முதல் பஸ்ஸே அஞ்சரைக்குத்தான் அண்ணி. லாரி அதுக்கு முன்னாடியே எடுக்கணுமாம். இருட்டுல எழுந்து நடந்தே போனார்."

"அவ்வளவு தூரமா?"

"அப்புறம் எப்படிப் போவார்? கிடங்குக்குப் பஸ்ஸும் கிடையாது, பாதி வழிக்கு மேல ரோட்டுல விளக்கும் கிடையாது." அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "நேத்து ஒரு பழைய மோட்டார் பைக்கைப் பார்த்துட்டு வந்திருக்கார். உங்க பேச்சைக் கேட்டு ஊர்ல எல்லாரும் வண்டியை விட்டுட்டாங்க. உங்க தம்பி மட்டும் புதுசா வண்டி வாங்கப் போறார்."

அக்கா பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். பஸ்ஸும் வந்து தொலைக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும் அண்ணி" என்றாள் அவள், இன்னமும் ரோட்டைப் பார்த்தபடி. "உங்க திட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, ஒரு மாசத்துக்குப் பக்கமா, தினம் விடியறதுக்கு முன்னாலயே எழுந்து போயிடுவார். வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வருவார். எங்க போறீங்கன்னா சொல்லவே மாட்டார். நான் என்னென்னமோ நினைச்சு அழுதிருக்கேன், சண்டை போட்டிருக்கேன். உங்ககிட்டயாவது ஏதாவது சொன்னாரா?"

"இல்லையே."

"உங்ககிட்டயும் சொல்லலியா?" முதன்முறையாக அக்காவின் முகத்தைப் பார்த்தாள். "அப்படின்னா சரி."

பஸ்ஸில் அவள் முன்னால் போய் நின்றுகொண்டாள். அக்கா பின்னால் நின்றாள். நடுவில் ஊரே நின்றது.

நகராட்சி அலுவலகத்தின் முன்பக்கம் முன்பெல்லாம் மோட்டார் பைக்குகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இப்போது அங்கே தகரக் கூரை போட்ட சைக்கிள் நிறுத்தம். புதன்கிழமை காலையில் அந்த வாசலைப் பார்ப்பது ஒரு வேடிக்கை. பொறியாளர் மூச்சு வாங்க வந்து இறங்குவார். பிறப்புச் சான்றிதழ்ப் பிரிவுப் பெண்கள் மூன்று பேர் பஸ்ஸிலிருந்து சேர்ந்து நடந்து வருவார்கள். வரிப் பிரிவு எழுத்தர் மட்டும் கெட்டிக்காரர். பைக்கை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, குழாயடியில் முகத்திலும் கழுத்திலும் தண்ணீர் தெளித்துக்கொண்டு, வெகுதூரம் நடந்து களைத்தவர் மாதிரி வருவார். எல்லோருக்கும் தெரியும். அவரும் அலுக்காமல் தெளித்துக்கொள்வார்.

"நாங்கல்லாம் இந்த ஆபீஸ் கட்டின நாள்லேருந்து நடந்துதான் வர்றோம் மேடம்" என்று துடைப்பத்தோடு நின்ற அம்மாள் ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். "எங்களை ஒருத்தரும் திட்டம்னு சொல்லலியே."

வேறொரு நாளாக இருந்தால் அக்காவும் சிரித்திருப்பாள்.

இன்று சிரிக்க நேரமும் இல்லை. இந்தத் திட்டத்தைப் பார்த்துவிட்டுப் போக மற்ற ஊர் நகராட்சிகளிலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். கூட்ட அறையில் நாற்காலி போட்டு, தண்ணீர் வைத்து, மைக்கைத் தட்டிப் பார்த்து எல்லாவற்றையும் அக்காதான் முடித்தாள். இவளுக்கு இங்கே 'சைக்கிள் மேடம்' என்று பட்டப்பெயர். சைக்கிள் மேடத்துக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பதுதான் அலுவலகத்தின் நிரந்தர நகைச்சுவை. அவள் எப்போதும் பஸ்.

வந்தவர்களில் ஒருவர் கேள்வி கேட்டார். "ஊழியர்கள்கிட்ட எவ்வளவு சொன்னாலும் எங்க ஊர்ல நடக்க மாட்டேங்குது சார். மேலதிகாரி கார்ல வர்றார், எங்களை மட்டும் மிதிக்கச் சொல்றீங்களாங்கறாங்க. நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?"

ஆணையர் பெரிய உடம்புக்காரர். மெதுவாக எழுந்தார். எதையும் எழுதி வைத்துப் படிக்கிறவர், இன்று காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"உண்மையைச் சொல்லிடறேன். மேடமே இதைக் கேட்டதில்ல" என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "திட்டம் நல்லாத்தான் இருக்குன்னு நான் ஒத்துக்கிட்டேன். 'தொடக்க நாளுக்கு நீங்க சைக்கிள்ல வரணும் சார்'னு மேடம் சொன்னாங்க. அதுக்கும் தலையாட்டிட்டேன். ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்தினப்புறம்தான் மாட்டிக்கிட்டோம்னு உறைச்சுது. ஏன்னா, எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது."

அறை சிரித்தது.

"சின்ன வயசுலயும் கத்துக்கல. இந்த வயசுல யார்கிட்டப் போய்க் கேக்கறது? சாயங்காலம் கார்ல போகும்போது என் டிரைவர் கண்ணாடியில என் முகத்தைப் பார்த்துட்டு, 'என்ன சார் ஒரு மாதிரி இருக்கீங்க'ன்னான். சொன்னேன். 'நாளைக்கு விடியறதுக்கு முன்ன தண்ணித் தொட்டி மைதானத்துக்கு வாங்க சார், நான் சொல்லித் தரேன்'னான். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் போனேன். பொண்டாட்டி பிள்ளைங்க கிட்டகூடச் சொல்லக் கூடாதுன்னேன். மானம் போயிடுமே."

அக்காவின் கையில் பேனா இருந்தது. அதை மேசைமேல் வைத்தாள்.

"நம்ம ஆபீஸ்ல அவனை நிதானம்னு கூப்பிடுவாங்க. பின்னால சீட்டைப் பிடிச்சுக்கிட்டு, என் இந்த உடம்பையும் தாங்கிக்கிட்டு, மைதானம் பூரா ஓடி வருவான். நான் விழுந்தா முதல்ல அவன் விழுவான், அவன் மேல நான். ஒருநாள் முழங்கையெல்லாம் தோல் உரிஞ்சு போச்சு அவனுக்கு. 'விட்டுடலாம்பா, அன்னிக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கறேன்'ன்னேன். ஒத்துக்கவே இல்ல. 'நீங்க ஓட்டினாத்தான் சார் மத்தவங்க ஓட்டுவாங்க. மேடம் இதுக்காக ரொம்ப அலைஞ்சிருக்காங்க, இது தோத்துடக் கூடாது'ன்னான்."

சிரிப்பு அடங்கி, அறை காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்திருந்தது.

"ஒருநாள் பின்னால பேச்சுச் சத்தமே இல்லையேன்னு திரும்பிப் பார்க்கறேன், அவன் எங்கேயோ தூரத்துல நிக்கறான். நானே தனியா ஓட்டிட்டிருக்கேன். அன்னிக்கு அவனைக் கேட்டேன். 'ஏம்பா, நான் நல்லா ஓட்டக் கத்துக்கிட்டேன்னா அப்புறம் கார் எதுக்கு? உன் வேலை என்னாகும்'னு. அவன் கொஞ்சம்கூட யோசிக்கல. 'அதை மேடம் பாத்துப்பாங்க சார்'னான்."

எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினாள். கூட்டத்தில் எல்லோரும் தட்டும்போது தட்டாமல் உட்கார்ந்திருக்க முடியுமா? பஸ் நிறுத்தத்தில் ஒருத்தி தன்னைப் பார்த்து 'அப்படின்னா சரி' என்று சொன்னதும், அவள் அழுத விடியற்காலைகளும் சேர்ந்து நினைவுக்கு வந்தன.

ஆணையர் உற்சாகத்தில் இருந்தார். உற்சாகத்தில் இருக்கும் அதிகாரி சும்மா இருக்க மாட்டார்.

"இன்னொண்ணும் சொல்றேன். சைக்கிள் ஓட்டத் தெரியாததாலேயே வண்டியை விட முடியாம இருக்கறவங்க நம்ம ஆபீஸ்ல நிறையப் பேர் இருக்காங்க. கேக்க வெக்கப்படறாங்க, என்னை மாதிரி. வர்ற திங்கக்கிழமையிலேருந்து சாயங்காலம் அவங்களுக்கு வகுப்பு. நிதானம்தான் வாத்தியார். முதல் மாணவி யாரு தெரியுமா? நம்ம சைக்கிள் மேடம்."

இந்த முறை கைதட்டல் பலமாக இருந்தது. வரிப் பிரிவு எழுத்தர் எழுந்து நின்றே தட்டினார்.

"எங்க அவன்? கூப்பிடுங்க, இவங்களும் பார்க்கட்டும்" என்றார் ஆணையர்.

யாரும் அசையவில்லை. எல்லார் கண்ணும் அக்காவிடம் வந்தது.

"குப்பை லாரியில இருக்கார் சார்" என்றாள் அக்கா. "இன்னிக்குத்தான் சேர்ந்திருக்கார்."

"லாரியிலயா?" அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. வெளியூர்க்காரர்கள் இருந்ததால் உடனே நேராக்கிக்கொண்டார். "சரி, சரி. அப்புறம் பார்க்கலாம்."

விருந்தினர்கள் போனபின் அவர் அறைக்கு அவளாகவே போனாள். அவர் கூப்பிட்டு அனுப்பும்வரை காத்திருக்கத் தைரியம் இல்லை.

"ஜீப் ஒண்ணு காலியா இருந்துதே. அவன்தானே மூத்தவன்?" என்று கேட்டார் ஆணையர்.

"ஆமா சார்."

"நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன், இல்ல?"

"ஆமா சார். எழுதினது நான்."

"ஏம்மா?"

"அவன் என் தம்பி சார். கூடப்பிறந்தவன்."

ஆணையர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பியா? அப்போ எதுக்கும்மா லாரி?"

"அதனாலதான் சார்."

திட்டியிருக்கலாம். திட்டினால் வாங்கிக்கொண்டு அழுதுவிட்டு வெளியே வந்திருப்பாள். அவரோ, தன் பங்கையும் கணக்குப் பார்க்கிறவர் மாதிரி ஜன்னல் வழியாக வெறித்துக்கொண்டிருந்தார்.

"என் மானத்தைக் காப்பாத்தினான்" என்றார் கடைசியில். "நான் படிக்காமக் கையெழுத்துப் போட்டேன். மாத்தி எழுதிக் கொண்டு வாங்க. இன்னிக்கே போட்டுடறேன்."

அக்கா தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். மாற்றி எழுத ஒரு பக்கம் போதும். ஆனால் பேனாவை எடுக்கக் கை வரவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை இது என்று அவளுக்கே தெரிந்தது. முதலில் அவனிடம் போக வேண்டும். அவனைக் கேட்காமல் அவனுக்காக ஒரு தடவை எழுதியாகிவிட்டது, இன்னொரு தடவை வேண்டாம். அவள் கிளம்பும்போது அறிவிப்புப் பலகையில் திங்கட்கிழமை வகுப்புக்கான காகிதத்தை யாரோ ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மேலிடம் தும்மினால் இந்த அலுவலகத்தில் சில காரியங்கள் மட்டும் மின்னல் வேகத்தில் நடக்கும்.

கிடங்குக்குப் பஸ் கிடையாதே. கணவரைத்தான் ஸ்கூட்டரோடு வரச் சொன்னாள். அலுவலக வாசலில் ஏறினால் நாளைக்கு அதுவே செய்தியாகிவிடும் என்று இரண்டு தெரு தள்ளி, மருந்துக் கடை வாசலிலிருந்து ஏறிக்கொண்டாள்.

"புதன்கிழமையும் அதுவுமா சைக்கிள் மேடம் ஸ்கூட்டர்ல" என்று அவர் ஆரம்பித்தார். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வீடுகள் முடிந்து, கடைகள் முடிந்து, விளக்குக் கம்பங்களும் முடிந்தன. இன்னும் ரோடு போய்க்கொண்டே இருந்தது. இதைத் தம்பி இருட்டில் நடந்து வந்திருக்கிறான். ஆபீஸில் உட்கார்ந்து 'ஊருக்கு வெளியே' என்று எழுதும்போது அது இரண்டு சொல்லாகத்தான் இருந்தது.

கிடங்கு வருமுன்பே வாடை வந்தது. கணவர் வாசலிலேயே நின்றுகொண்டார். "நீ போ. இது உங்க ரெண்டு பேர் விஷயம்."

தம்பி ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ரப்பர் குழாயால் லாரியின் பின்பக்கத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் தண்ணீரை நிறுத்தினான்.

"இங்க எதுக்குக்கா வந்த? உனக்கு இந்த வாடை ஒத்துக்காதே."

அக்கா என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள்.

"ஆணையர் எல்லாத்தையும் சொன்னார்டா. எல்லார் முன்னாடியும் சொன்னார்."

அவன் சிரித்தான். "சத்தியம் வாங்கினவரே உடைச்சிட்டாரா? அவரால என் வீட்டுக்காரிகிட்ட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப? ஜீப்பைக் குடுத்திருப்பியா?"

அக்கா பொய் சொல்லவில்லை. "தெரியலடா. அப்பவும் ஊருக்குப் பயந்திருப்பேனோ என்னவோ."

அவன் தலையை ஆட்டினான். அந்தப் பதிலை அவன் எதிர்பார்த்திருந்தான் போல.

"நான் தப்புப் பண்ணிட்டேன்" என்றாள்.

"ம்" என்றான் அவன்.

சின்ன வயதிலிருந்து இவள் எதற்கு வருந்தினாலும் 'பரவாயில்லக்கா' என்பதுதான் அவன் பதில். அவளுடைய பாதிப் பிழைப்பு அந்த ஒரு சொல்லில்தான் ஓடியிருக்கிறது. அது இப்போது வரும், இதோ வந்துவிடும் என்று அவள் நின்றாள். அவன் குழாயின் முனையில் சொட்டிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாத்தி எழுதச் சொல்லிட்டார். ஜீப் உனக்குத்தான். நீ சரின்னு சொன்னா நாளைக்கே எழுதிடறேன்."

"அந்தப் பையன் போன வாரம்தான் சாவியை வாங்கினான். வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வந்து ஜீப்பைக் காட்டினான். அவன்கிட்டேருந்து பிடுங்கி எனக்கா? அவன் என்னக்கா பண்ணினான்?"

"அப்போ நான் என்னதான்டா பண்றது?"

"எனக்கு லாரி ஓட்டறது கேவலமில்லக்கா. எந்த வண்டியா இருந்தா என்ன, ஸ்டியரிங் ஒண்ணுதான். இங்க இருக்கற ஆளுங்களும் நல்லவங்கதான்." அவன் நிதானமாகவே பேசினான், அவன் வண்டி ஓட்டுகிற மாதிரியே. "நீ ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். 'டேய், ஜீப் உனக்குத்தான் வரணும், ஆனா எனக்குப் பேச்சு வந்துடும்டா'ன்னு சொல்லியிருந்தா, 'லாரியையே எழுதுக்கா, நான் பாத்துக்கறேன்'னு நானே சொல்லியிருப்பேன். சந்தோஷமா வந்திருப்பேன். நீ கேக்கவே இல்ல. ஆபீஸ் கவர்ல வெச்சுக் குடுத்த."

அவள் அழுதாள். அவன் அழாதே என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் கிடந்த ஒரு மர ஸ்டூலைத் துடைத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "திங்கக்கிழமை சாயங்காலம் வகுப்பாம்" என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டே. "சைக்கிள் தெரியாதவங்களுக்கெல்லாம். உன்னைத்தான் சொல்லித் தரச் சொல்லியிருக்கார். இஷ்டமில்லைன்னா நான் பேசிக்கறேன். இதையாவது உன்னைக் கேட்டுட்டுத்தான் செய்வேன்."

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "வரேன்க்கா. லாரி மத்தியானத்தோட முடிஞ்சிடும். பாவம், தெரியாதவங்க வெளியில சொல்லிக்க முடியாம இருப்பாங்க. எத்தனை பேர் வந்தாலும் சரி, எல்லாரையும் ஓட்ட வெச்சிடுவேன்."

"முதல் பேரு என்னோடதுதான்" என்று சிரிக்கப் பார்த்தாள் அக்கா. "பலகையிலகூட ஒட்டிட்டாங்க."

தம்பி சிரிக்கவில்லை.

"உன் சீட்டை மட்டும் வேற யாரையாவது பிடிக்கச் சொல்லுக்கா."

"ஏண்டா?"

"பின்னால பிடிச்சுக்கிட்டு ஓடறவன் என்னிக்காவது ஒருநாள் கையை விட்டுத்தான் ஆகணும். விடலைன்னா அவங்க கத்துக்கவே மாட்டாங்க." அவன் அவளைப் பார்க்காமல் பேசினான். "அவர் பின்னால ஓடினப்போ எனக்குச் சந்தேகமே வரல. இனிமே விழ மாட்டார்னு தெரிஞ்சுது, விட்டேன். உன் பின்னால ஓடினா, நீ ஓட்டக் கத்துக்கிட்டதால விடறேனா, இல்ல விழட்டும்னு விடறேனான்னு எனக்கே தெரியாதுக்கா."

அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் குனிந்து குழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர் தகரத்தில் அறைந்த சத்தத்தில் அவள் சொன்னது அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.